யாரிடம் காட்டுகிறீர்கள்? – கடைமடை ஊர்களில் குடும்ப மருத்துவரைத் தேடுவது

காவிரிப்படுகையில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்கள், நலம் விசாரித்து முடித்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யாருகிட்ட காட்டுறீங்க?" நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யத்திலோ முத்துப்பேட்டையிலோ தலைஞாயிற்றிலோ இந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவரின் பெயர் விடையாக வந்தது. இன்று பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர்தான் வருகிறது. "தஞ்சாவூர்ல காட்டுறோம்" என்பார்கள். "கும்பகோணத்துல காட்டுறோம்" என்பார்கள். கையில் கொஞ்சம் பணம் புழங்கும் வீடாக இருந்தால் திருச்சி என்பார்கள். அங்கே பார்த்த மருத்துவரின் பெயரைக் கேட்டால், மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஆளின் பெயர் இருந்த இடத்தில் ஊரின் பெயர் வந்து உட்கார்ந்தது எப்படி, அதனால் நமக்கு நேர்ந்த இழப்பு என்ன, இந்நிலையிலும் சிறிய ஊர் ஒன்றில் வாழும் குடும்பம் தனக்கென ஒரு மருத்துவரை எப்படிக் கண்டடையலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவமனைகள் குறைந்துபோனதால் இந்த நிலை வந்தது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை; நடந்தது அதற்கு நேர்மாறானது. 1950களின் இறுதியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வந்தபோது, படுகை முழுவதற்கும் அதுவே பெரிய ஆஸ்பத்திரி. 2010-இல் திருவாரூரிலும், 2022-இல் நாகப்பட்டினத்திற்காக ஒரத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2020-இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கு மட்டும் இன்னும் கல்லூரி இல்லை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் ரயில் பாதைகூட அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாரடைப்பு வந்தவரை, தலையில் அடிபட்டவரை, பிரசவத்தில் சிக்கல் ஏற்பட்டவரைக் காப்பாற்றும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு முன்பிருந்ததைவிடப் பன்மடங்கு கூடியிருக்கிறது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓர் ஆயுளில் மாரடைப்பு ஒருமுறையோ இருமுறையோதான் வருகிறது. காய்ச்சலும் மூட்டுவலியும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தூக்கமின்மையும் மாதந்தோறும் வருகின்றன. அவற்றைக் காட்டுவதற்குப் பழகிய ஆள் ஒருவர் ஊரில் இல்லாமல் போனதுதான் இங்கே பேசப்படும் குறை.

இந்தக் குறை எப்படி உடம்பில் இறங்குகிறது என்பதை நான் என் அத்தையின் மஞ்சப்பையில் பார்த்தேன். வேதாரண்யம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரண்டு கால்களும் கணுக்கால்வரை வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று வீட்டில் எல்லோரும் பயந்திருந்தார்கள். ஒருநாள் காலை கொல்லைப்புறத்தில் தலைசுற்றி விழுந்தும்விட்டார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, பக்கத்துச் சிற்றூரில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் அத்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பையைக் கொட்டுங்கம்மா" என்றார். மேசைமேல் நான்கு ஊர்ச் சீட்டுகளும் பதினோரு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. அவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்து, மூன்று கும்பலாகப் பிரித்து வைத்தார்.

நடந்த கதையை அந்த மூன்று கும்பல்களும் சொல்லிவிட்டன. மூட்டுவலிக்காக வாரம் ஒருநாள் வந்துபோகும் எலும்பு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதிய வலிமாத்திரையை, அத்தை மருந்துக்கடையில் அட்டையைக் காட்டிக் காட்டி ஓராண்டாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். அவ்வகை வலிமாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தைப் பார்த்த நகரத்து மருத்துவர், அழுத்தத்தைக் குறைக்கும் ஆம்லோடிபின் மாத்திரையை எழுதினார். ஏற்கெனவே வேறோர் ஊரில் கொடுத்த ஆம்லோடிபினை, வேறு கம்பெனிப் பெயரிலும் வேறு நிறத்திலும் இருந்ததால் வேறு மருந்தென்று நினைத்து, அத்தை அதையும் நிறுத்தாமல் சாப்பிட்டார். ஆம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குவது அந்த மருந்தின் தெரிந்த குணம். வீங்கிய காலைப் பார்த்த மூன்றாமவர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். நீர் அதிகம் பிரிந்து அழுத்தம் சட்டென்று இறங்கியதில் அத்தை கொல்லையில் விழுந்தார். இந்தச் சங்கிலியில் எந்த மருத்துவரும் தவறான மருந்தை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் வந்த ஒரு கண்ணியைப் பார்த்தார்கள். சங்கிலி முழுவதும் மஞ்சப்பைக்குள் மட்டுமே இருந்தது. அதைக் கொட்டச் சொல்லிப் பார்க்க ஒருவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு மாத்திரைகளை நிறுத்தி, ஒன்றைக் குறைத்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று அறியக் கிரியேட்டினின் பரிசோதனை ஒன்றுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

குடும்ப மருத்துவம் என்பது இதுதான். அதைத் 'துறை' என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். சிறப்புப் படிப்பு எதுவும் படிக்காதவர் பார்ப்பதுதான் குடும்ப மருத்துவம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அது தனித்த திறன்களைக் கோரும் வேலை. நோய் எதுவானாலும் முதலில் வந்து நிற்கும் வாசலாக இருப்பது. குழந்தையையும் பாட்டியையும் ஒரே நாளில் பார்ப்பது. இன்று வந்தவரை அடுத்த மாதமும் அடுத்த ஆண்டும் தொடர்ந்து பார்ப்பது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவரை உரிய நேரத்தில் அனுப்பி, அங்கே கொடுத்தவற்றையெல்லாம் திரும்ப வாங்கி ஒழுங்குபடுத்துவது ஆகிய நான்கும் அதன் அடிப்படைகள். இதயநோய் மருத்துவரிடம் வருகிறவர் ஓரளவு சலித்தெடுக்கப்பட்டவர். அவருக்கு இதயத்தில் ஏதோ இருக்கிறது என்று யாரோ ஒருவர் முன்பே கணித்து அனுப்பியிருப்பார். குடும்ப மருத்துவரிடம் "நெஞ்ச என்னமோ பண்ணுது" என்று வருகிறவருக்கு வாயுவாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம், மகளின் திருமணக் கடனாகவும் இருக்கலாம். சலிப்பதே அவருடைய வேலை, அது எளிய வேலையன்று.

1961-இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு ஒன்று மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்களால் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வயதுவந்தோர் ஆயிரம் பேரை ஒரு மாதம் கவனித்தால் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறைவு ஏற்படுகிறது. அவர்களுள் 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். ஒரே ஒருவர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். நம் மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். படிப்பின் ஐந்தரை ஆண்டுகளும் பெரும்பாலும் அந்த ஒருவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றியே கழிகின்றன. மருத்துவரைத் தேடிவரும் மற்ற 249 பேரை எப்படிப் பார்ப்பது என்பதை, தேர்வாகிப் போய்ச் சேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கற்பிப்பவர் யாருமின்றித் தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில் மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். குடும்ப மருத்துவத்தில், தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் மூன்று ஆண்டு டி.என்.பி. பட்டம் இருக்கிறது. எம்.டி. பட்டப்படிப்பைக் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி முன்னோடியாகத் தொடங்கியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, சிற்றூர்களில் பணிபுரியும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் ஊரைவிட்டு வராமலேயே படிக்கத்தக்க தொலைநிலைப் பயிற்சியை நடத்திவருகிறது. ஆயினும் ஆண்டுதோறும் எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இந்த வழியில் வருகிறவர்கள் கைப்பிடி அளவே.

பழைய மருத்துவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். விடுதலைக்கு முன் சிற்றூர்களில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தவர்களில் பெரும்பாலோர் எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு படித்தவர்கள். நாட்டில் பதிவு செய்திருந்த மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்போது இத்தகையோராகவே இருந்தனர். சர் ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையில் அமைந்து 1946-இல் அறிக்கை தந்த குழு, ஒரே தரத்து மருத்துவர்கள் வேண்டுமென்று கருதி, எம்.பி.பி.எஸ். மட்டும் போதுமென முடிவு செய்தது. தரம் என்ற நோக்கில் அது நியாயமான முடிவுதான். அதே அறிக்கைதான் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தையும் நமக்குத் தந்தது. அடுத்து வந்த இரண்டு தலைமுறை எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் சிற்றூர்களில் தங்கினார்கள். கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மிக்சர் புட்டியின் பக்கத்தில் வேளை குறித்து வெட்டி ஒட்டிய காகிதப் பட்டையை இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். 'கைராசிக்காரர்' என்று அந்த மருத்துவர்களை ஊரார் சொன்னார்கள். அந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அப்பாவுக்கு ஆஸ்துமா, தாத்தாவுக்குச் சர்க்கரை, இந்தப் பையனுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும் ஒருவர் கொடுக்கும் மருந்து சரியாகப் படிவதற்கு ராசியைத் தவிர வேறு காரணமும் உண்டு.

அவர்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார ஆளில்லை. தமிழ்நாட்டில் இன்று ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் இருக்கின்றன, ஆனால் எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றால் மதிப்பில்லை என்ற நிலையை நாம் எல்லோரும் சேர்ந்துதான் உண்டாக்கினோம். "வெறும் எம்.பி.பி.எஸ்.தானே" என்று சொல்லாத வீடு உண்டா? பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லாதவரிடம் போகத் தயங்கும் ஊரில், எம்.டி. படிக்காமல் எவரும் தங்க மாட்டார். படித்தவருக்கு ஸ்கேனும் எக்கோவும் அறுவை அரங்கும் வேண்டும், அவை சிற்றூரில் கட்டுபடியாகா.

அரசு மருத்துவர்களின் கதை சற்று வேறு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி வாய்ப்பு அளிப்பது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். கிராமங்களுக்கு மருத்துவர்களை இழுத்துவந்த முதன்மையான காந்தம் அதுவே. அகில இந்திய விதிகளால் இடையில் தடைப்பட்ட இந்த ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 31 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அது இல்லாவிட்டால் தொலைதூர நிலையங்கள் காலியாகக் கிடந்திருக்கும். ஆனால் அதே காந்தம்தான் அவர்களை அங்கிருந்து கிளப்பிக்கொண்டும் போகிறது. ஊரின் முகங்கள் பழகி, கிராம சுகாதாரச் செவிலியரோடு ஒத்திசைந்து, இன்ன தெருவில் இன்னாருக்குக் காசநோய் மருந்து பாதியில் நின்றது என்று தெரியவரும் நேரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார்.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம். சிறிய ஊர்களில் மாலை ஐந்து மணிக்குமேல் விளக்கெரியும் கிளினிக்குகளில் பெரும்பகுதி இவர்களுடையவை. ஆகவே அரசு மருத்துவர் ஒருவர் மாறுதலாகிப் போகும்போது ஊர் ஒரே நாளில் இரண்டு மருத்துவர்களை இழக்கிறது: காலையில் ஓ.பி. சீட்டுக்குப் பார்த்தவரையும், மாலையில் டோக்கனுக்குப் பார்த்தவரையும். மிஞ்சுவது மருந்துக்கடை வாசலில் தொங்கும் பலகை. 'பிரதி ஞாயிறு, காலை 10 முதல் 1 வரை' என்று அதில் எழுதியிருக்கும்.

கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வரும் என்பது நமக்குப் பழகிய துயரம். தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று பெயரிட்டு 1971-இல் எழுதியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த கிளின்கோரூக் என்ற சிற்றூரில் முப்பது ஆண்டுகள்போல ஒரே இடத்தில் மருத்துவம் பார்த்தவர் அவர். நோயென்று வருபவர்களோடு நிற்காமல், தம் பொறுப்பிலிருந்த பெரியவர்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்து வைத்து, வராதவர்களைத் தேடிப்பிடித்தார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் வீட்டுவாசலுக்கே வருவதைப் பார்க்கும்போது, அதே எண்ணம் வேறு வடிவில் வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மாத்திரை வாசலுக்கு வருகிறது. அந்த மாத்திரையை இன்னும் தொடரலாமா, அளவை மாற்றலாமா என்று முடிவெடுக்கும் ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதால் பயன் உண்டா என்பது உணர்ச்சி சார்ந்த கேள்வி மட்டுமன்று. நார்வே நாட்டில் சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், ஓராண்டு மட்டும் இருந்தவர்களைக் காட்டிலும் திடீரென மருத்துவமனையில் சேர வேண்டிய வாய்ப்பும் ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தவர்களாகக் காணப்பட்டார்கள். நார்வேயின் நிலைமை நம்முடையது அல்ல. உடல் ஓரளவு நன்றாக இருப்பவர்களே ஒரே ஊரில் தங்கி ஒரே மருத்துவரிடம் தொடர்ந்திருக்கவும் கூடும். அவ்வாறு கழித்துப் பார்த்தாலும், பழக்கமே ஒரு மருந்து என்ற நம் பாட்டிமாரின் எண்ணத்துக்கு இது வலுவான சான்று.

நம் மண்ணில் அந்தப் பழக்கம் இன்னும் ஒருபடி கூடுதலாக வேலை செய்கிறது. படுகையின் நோய்கள் பயிர்ப் பருவத்தைப் பிடித்துக்கொண்டு வருபவை. மேட்டூர் திறந்து குறுவைக்கு வயலில் இறங்கியதும் சேற்றுப்புண் வரும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்த ஒருவருக்குச் சேற்றுப்புண் வந்தால் அது வலிக்காது, வலிக்காததால் காட்டமாட்டார், விரல் கறுத்த பிறகுதான் காட்டுவார். உப்பளத்தில் நிற்பவருக்கும் இதே கதை. அவரை அறிந்த மருத்துவர் மாத்திரை வாங்க வரும்போதே "காலை நீட்டுங்க" என்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சல் வரும்: வயல்நீரில் கலந்த எலியின் சிறுநீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே ஏறி, கண் சிவந்து கெண்டைச்சதை பிடுங்கும் காய்ச்சலாக வெளிப்படும். அதையொட்டிய குளிர்மாதங்களில் உண்ணிக்காய்ச்சல் கூடும். மயிரளவு சிறிய பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அது பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடத்திலோ மார்புக்குக் கீழோ ஒளிந்திருப்பதால், உடையை விலக்கிப் பார்க்காதவருக்குத் தெரியாது. நடவுக்குப் போய்வந்த பெண்ணொருத்தி, வாரத்துக்கொரு முகமாக மாறும் மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுவாளா? பத்து ஆண்டுகளாகப் பழகியவரிடமோ, நம்பிக்கையான பெண் மருத்துவரிடமோ காட்டுவாள். அந்தப் பொருக்கைக் கண்டுவிட்டால், விலை மலிந்த டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். காணாவிட்டால் சில நாளில் நுரையீரலும் சிறுநீரகமும் தாக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம்.

அறுவடைக் காலத்தில் தரையில் படுத்து உறங்கியவர், விடியற்காலை வயிற்றுவலியென்று எழுந்து, பேச்சுக் குழறி, இமை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும் என்பது இந்தப் பகுதியில் வேலை பார்த்தவருக்கு இரத்தத்தில் ஊறியிருக்கும். பல்பட்ட தடமும் வலியும் ஏறக்குறைய இல்லாமலே கடித்துவிட்டுப் போகும் பாம்பு அது. வெறும் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தால் மூச்சுத் தசை செயலிழந்துவிடும். இங்கே குடும்ப மருத்துவரின் திறமை, தாமே வைத்திருந்து பார்ப்பதில் இல்லை. நச்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் இருக்கும் இடத்துக்கு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைப்பதில் இருக்கிறது.

இனி, அப்படி ஒருவரை எப்படித் தேடுவது என்பதற்கு வருகிறேன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரும் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிறவரும் முதலில் கேட்கத் தகுந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். எந்த மருத்துவர் இரவில் தொலைபேசியை எடுப்பார், யார் கர்ப்பிணியைக் கடிந்துகொள்ளாமல் பார்ப்பார், யார் தேவையில்லாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. அடுத்து, நோய் முற்றிய நாளில் முதன்முறையாகப் போகக்கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், அழுத்தம் பார்க்க வேண்டும் என்பது போன்ற சிறு காரணத்தோடு, பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவற்றை வாங்கிப் பார்க்கிறாரா, ஓரமாகத் தள்ளிவிடுகிறாரா என்பதே முதல் சோதனை. சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்துவிடாமல் தொட்டுப் பார்க்கிறாரா? என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாரா? அடுத்து எப்போது வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் காத்திராமல் ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாரா? பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது வாய்மொழியாகச் சொல்லாமல், கொடுத்த மருந்துகளைக் குறித்துக் கடிதம் தருகிறாரா? இவையெல்லாம் பட்டத்தின் நீளத்தைவிட நம்பத் தகுந்த அடையாளங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்", "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாம் வற்புறுத்தும்போது, வைரஸ் காய்ச்சலுக்கு அது வேண்டாம் என்று மறுத்து, ஏன் வேண்டாம் என்பதை விளக்கும் மருத்துவர் கிடைத்தால், அவரை விடக்கூடாது. மறுப்பதால் அவருக்கு வருமானம் குறைகிறது. அடுத்த தெருவில் ஊசி போடுகிறவரிடம் நாம் போய்விடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறுக்கிறார் என்றால், அவர் நம் உடம்பின் பக்கம் நிற்கிறார். அந்த அடுத்த தெருக்காரர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவெண் மருந்துச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கிளினிக்கும், தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பெயரில்லாத மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவரிடமிருந்து, அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், விலகியிருப்பதே நல்லது. உடனே வலி பறந்துபோகும் பொட்டலங்களில் ஸ்டீராய்டு இருந்து, ஆண்டுக் கணக்கில் தின்றவரின் எலும்பையும் சர்க்கரையையும் கெடுத்த கதைகள் படுகையில் ஏராளம்.

தனியார் யாரும் இல்லாத ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்தையே குடும்ப மருத்துவராக ஆக்கிக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அவை இருக்கின்றன. மருந்துகள், 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே மையமாக வாங்கித் தரம் சோதித்து வருபவை; கடையில் விலை கொடுத்து வாங்குவதைவிட இளப்பமானவை என்று எண்ணக் காரணமில்லை. மருத்துவர் மாறினாலும் செவிலியர், மருந்தாளுநர், பதிவேடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சிறு ஐயங்களுக்கு இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவ வழியும் திறந்திருக்கிறது. ஆனால் முகம் தெரியாதவரிடம் திரை வழியே காட்டும்போது பழைய வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

ஊராருக்கும் இதில் கடமை உண்டு. நல்ல மருத்துவர்கள் சிற்றூரை விட்டுப் போவதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒழுகாத குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி, வாழ்க்கைத் துணைக்கு வேலை என்பவை கிடைக்காதது ஒருபுறம். நோயாளி இறந்ததும் கண்ணாடியை உடைக்கக் கூடும் கூட்டம் மறுபுறம். மருத்துவர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-இல் சட்டம் வந்துவிட்டது. என்றாலும் ஒருமுறை அடிவாங்கிய மருத்துவர், அல்லது அடிவாங்கியவரைப் பார்த்த மருத்துவர், அதற்குப்பின் சற்றே சிக்கலான எவரையும் தொடாமல் "தஞ்சாவூர் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிடுகிறார். நீண்ட ஆம்புலன்ஸ் பயணத்தில் போன சில உயிர்களுக்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

என் அத்தையைப் பார்த்த மருத்துவருக்கும் எழுபதை நெருங்குகிறது. அவருக்குப்பின் அந்தக் கிளினிக்கை யாரும் நடத்தப்போவதில்லை என்பதை அவரே சொன்னார். அன்று மாத்திரைகளைப் பிரித்து முடித்த பிறகு, எங்களிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். முதல் பக்கத்தில் அத்தையின் பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாமை. இரண்டாம் பக்கத்தில் இன்று முதல் சாப்பிட வேண்டிய மருந்துகள், கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் உண்மைப் பெயர், எதற்காக என்பது தமிழில். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திய மருந்துகள், நிறுத்தியதற்கான காரணம் என்று தம் கையாலேயே எழுதினார். "இனிமே எந்த ஊருக்குப் போனாலும் பையைக் கொண்டு போகாதீங்க, இதைக் கொண்டு போங்க. யார் மருந்து எழுதினாலும் இதுலேயே எழுதச் சொல்லுங்க" என்றார். போன தை மாதம் அத்தை காய்ச்சலென்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, புதிதாக வந்திருந்த இளம் பெண் மருத்துவர் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டாராம். பிறகு தம் குறிப்பை அதற்குக் கீழேயே, அதே கட்டங்களில், தேதியிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.